வீட்டுக்குள் சைக்கிள் ஓட எந்த ட்ரெயினர்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று ட்ரெயினர்கள் நிற்கின்றன. ஒன்று காந்தத்தில் இறுகுவது, ஒன்று எண்ணெயில் இறுகுவது, மற்றது கரண்டில் ஓடும் ஸ்மார்ட் வகை. பின்னேரம் ஏழெட்டுப் பிள்ளைகள் தங்கள் சைக்கிளோடு வந்து மாறி மாறி ஏறுவார்கள். அவர்களின் தாய் தகப்பனும், வெளிநாட்டிலிருந்து ஒன்று வாங்கி அனுப்ப நினைக்கும் சொந்தக்காரரும், மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கமிருந்து போன் எடுப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பொருந்தாத ஒன்றை வாங்கி மூலையில் போட்டுவைத்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். காசு போனதைவிட, ஆசையோடு ஏறிய பிள்ளை இறங்கிப் போனதுதான் மனதை வருத்தும். அதனால் ஆறுதலாக எழுதிவைக்கிறேன்.

ட்ரெயினர் என்பது ஜிம்மில் நிற்கும் சைக்கிள்தானா?

இல்லை. உங்கள் சொந்தச் சைக்கிளை அதில் பூட்டி, நின்ற இடத்திலேயே ஓடுவதற்கான இரும்புச் சட்டம் அது. பின்சில்லு நிலத்தில் படாமல் ஒரு உருளையில் உரசிக்கொண்டு சுற்றும். அந்த உருளையை ஏதோ ஒன்று பிடித்து இழுக்கும். அந்த இழுவையைத்தான் ரெசிஸ்டன்ஸ், தடை, லோட் என்று பலவிதமாகச் சொல்கிறோம். எங்கள் பிள்ளைகள் சொல்வது ‘இறுக்கம்’. விலை உயர்ந்தவற்றில் பின்சில்லையே கழற்றிவிட்டுச் செயினை நேராக ட்ரெயினரில் மாட்டுவார்கள்.

இவ்வளவு வெளியும் றோட்டும் இருக்கும்போது வீட்டுக்குள் ஏன் ஓடவேண்டும்?

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை. 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மழை இல்லாத மாதங்களில், விடியப்புறம் ஏ9 வீதியில் லொறியும் சொகுசு பஸ்ஸும் வருகிற வேகத்தில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப எனக்குத் துணிவில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருட்டுப்பட்டால் யானை. மாலை வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி நேரமே இருட்டில்தான் கிடைக்கிறது. றோட்டை விடச் சொல்லவில்லை. றோட்டுக்குப் போகமுடியாத நாளும் கால் சுற்றட்டும் என்கிறேன்.

எது கூடுதலாக இறுகுமோ அதுதானே நல்ல ட்ரெயினர்?

இந்த எண்ணம்தான் பலரைப் பிழையான பெட்டிக்குக் கொண்டுபோகிறது. எவ்வளவு இறுகும் என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். வேகம் கூடும்போது இறுக்கம் எப்படிக் கூடுகிறது என்பதுதான் முதலில் பார்க்கவேண்டியது. வகைக்கு வகை வேறுபடுவது அதுதான்.

சோளகம் வீசும் மாதத்தில் பரந்தனிலிருந்து பூநகரிக்கு ஓடியிருக்கிறீர்களா? ஏற்றம் ஒன்றும் கிடையாது, கைத்தலம் மாதிரித் தட்டையான நிலம். ஆனாலும் மணிக்கு 15 கிலோமீற்றரில் போகும்வரை சும்மா இருக்கும் காற்று, 25க்கு ஏற்றப் பார்த்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். காற்றுத் தடை அப்படித்தான்: வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்கு, அதை வெல்லக் கால் கொடுக்கவேண்டிய வலு எட்டு மடங்கு. மலை இல்லாத எங்கள் வன்னியில் சைக்கிள்காரனுக்கு எதிரி காற்றுத்தான். அந்த உணர்வை எந்த ட்ரெயினர் எவ்வளவு கிட்டத் தருகிறது என்று பார்த்தால் பாதித் தெரிவு முடிந்துவிடும்.

காற்று வகை எப்படி?

உருளையின் நுனியில் ஒரு விசிறி இருக்கும். வேகமாக மிதித்தால் விசிறி கூடுதலான காற்றைத் தள்ளவேண்டும், இறுக்கம் தானாக ஏறும். வேகத்தோடு இறுக்கம் ஏறும் வளைகோடு றோட்டுக்கு மிகக் கிட்டியது. பழுதாக ஒன்றும் இல்லை, கரண்டும் வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் சத்தம்! தகரக் கூரைக்குக் கீழே வைத்து ஓடினால் அரிசி ஆலைக்குள் நிற்பதுபோல் இருக்கும். குழந்தை நித்திரை கொள்ளும் வீட்டுக்கும், சுவரோடு சுவராக அயல்வீடு இருக்கும் இடத்துக்கும் வேண்டாம். வளவு பெரிதாக, ஒரு கொட்டில் தனியே இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

காந்த வகை?

ஒரு அலுமினியத் தட்டு காந்தங்களுக்கு நடுவே சுற்றுகிறது. ஏ.எல். பௌதிகவியலில் சுழிப்போட்டம் என்று படித்திருப்பீர்களே, அதுதான் இங்கே பிறேக். தட்டும் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதில்லை, ஆகவே தேய்வதற்கு ஒன்றும் கிடையாது. ஹாண்டிலில் பூட்டும் ஒரு சின்ன நெம்பு, அதிலிருந்து ஒரு கேபிள். நெம்பைத் தள்ளினால் ‘டிக்’, ‘டிக்’ என்று ஒவ்வொரு படியாக விழும், காந்தம் தட்டுக்குக் கிட்ட வரும்.

இதன் குணம் என்னவென்றால், ஒரு படியில் வைத்துவிட்டால் நீங்கள் வேகம் கூட்டும்போது கால் கொடுக்கும் வலு ஏறக்குறைய நேர்கோட்டில்தான் ஏறும். காற்று மாதிரி எகிறாது. அதனால் ஒரே படியில் வைத்துவிட்டு ‘ஸ்பிரிண்ட்’ அடித்தால் கால் வெறுமையாகச் சுற்றுவதுபோல இருக்கும். நெம்பை மாற்றிக்கொண்டே ஓடவேண்டும். இன்னொன்று: அரை மணித்தியாலம் கடுமையாக ஓடினால் தட்டுச் சூடாகும், சூடான அலுமினியத்தில் மின் அவ்வளவு இலகுவாக ஓடாது, இறுக்கம் மெல்லத் தளரும். நான்காம் படியில் தொடங்கிய பிள்ளை முடிவில் ‘இப்ப லேசாக்கிடக்கு’ என்றால், கால் பலமாகிவிட்டது என்று உடனே எண்ணவேண்டாம்.

இவ்வளவு சொன்னாலும் முதல் ட்ரெயினராக இங்கே அதிகம் பேருக்கு நான் சொல்வது இதையே. காரணம் அடுத்தடுத்த பதில்களில் இருக்கிறது.

எண்ணெய் வகைக்கு ஏன் இவ்வளவு புகழ்?

அடைத்த டப்பாவுக்குள் சிலிக்கன் எண்ணெய், அதைக் கலக்கும் ஒரு சுழலி. மெல்ல மிதித்தால் எண்ணெய் வழிவிடும், வேகமாக மிதித்தால் எதிர்த்து நிற்கும். காற்று வகையின் வளைகோடு, காற்று வகையின் இரைச்சல் இல்லாமல். நெம்பு கிடையாது, கியரையும் காலையும் வைத்துத்தான் எல்லாம்.

கேர்ட் கினெட்டிக் என்ற அமெரிக்கக் கம்பனி தன் ரோட் மெஷினுக்கு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். மணிக்கு 16 கிலோமீற்றரில் ஏறத்தாழ 72 வாட், 24இல் 145 வாட், 32இல் 262 வாட். முதல் 8 கிலோமீற்றர் கூட்ட 73 வாட்தான் வேண்டியிருந்தது, அடுத்த 8க்கு 117. பூநகரி றோட்டில் நெஞ்சில் பட்ட கை இதுதான்.

குறை இரண்டு. எண்ணெய் சூடாகும்போது அதன் தடிப்பு மாறும், ஆகவே முதல் பத்து நிமிடம் ஓடிச் சூடாக்கிய பிறகு வரும் எண்களைத்தான் நம்பலாம். மற்றது கசிவு. சுழலியின் தண்டு டப்பாவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு றப்பர் சீல் இருக்கும். பழசாகினால் அதனூடாகத்தான் எண்ணெய் வரும். முன்பு எங்களிடம் இருந்த ஒன்றுக்குக் கீழே சீமெந்து நிலத்தில் ஐந்து சதக் குற்றியளவு கறுப்பு வட்டம் விழுந்தது. துடைத்தோம், அடுத்த நாள் மீண்டும் விழுந்தது. ஒரு மாதத்தில் இறுக்கமே போய்விட்டது. மேலே சொன்ன கினெட்டிக்கில் தண்டு உள்ளே போவதில்லை, வெளியிலிருந்து காந்தத்தால் சுழலியைச் சுற்றுகிறார்கள், அதனால் கசிய வழியில்லை. பழையது வாங்கினால் இந்த ஒரு வேறுபாடு பெரிது.

ஸ்மார்ட் ட்ரெயினர் என்றால் என்ன? அதற்கு அவ்வளவு காசு கொடுக்கலாமா?

காந்தம்தான், ஆனால் நெம்பைத் தள்ளுவது உங்கள் கை இல்லை, கணினி. புளூடூத்திலோ, அதுபோன்ற கம்பியில்லாத் தொடர்பான ஆன்ட் பிளஸ்ஸிலோ போனோடு பேசும். 2012இல் வாஹூ கிக்கர் என்ற ஸ்மார்ட் ட்ரெயினர் வந்தது, 2014இல் ஸ்விஃப்ட் என்ற செயலி வந்தது. அதன் பிறகு வீட்டுக்குள் ஓடுவது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. திரையில் மலை வந்தால் காலில் மலை வரும். பிறந்ததிலிருந்து தட்டை நிலத்தில் ஓடிய எங்கள் பிள்ளைக்கு ஏற்றம் என்றால் என்ன என்று காட்ட இதைவிட வழி இல்லை. மலைநாட்டுப் பக்கம் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு அது சின்ன விடயமில்லை.

‘எர்க்’ என்று ஒரு முறையும் உண்டு. 150 வாட் என்று சொல்லிவிட்டால், மெல்ல மிதித்தாலும் வேகமாக மிதித்தாலும் 150ஐ விடாது. மெல்ல மிதித்தால் இறுக்கிக் கொடுக்கும். களைத்துப்போய்க் கால் மெதுவானால் இன்னும் இறுக்கும், இன்னும் மெதுவாகும், கடைசியில் நின்றுவிடும். புதியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், கால் தளருமுன் சுற்றைக் கூட்டவேண்டும் என்று.

போட்டிக்குத் தயாராகும் ஒருவருக்கு, பொருந்தும் சைக்கிளும் நம்பிக்கையான கரண்டும் இருந்தால், காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அந்தக் காசில் நல்ல சைக்கிளே வாங்கலாம்.

கரண்ட் போனால் ஸ்மார்ட் ட்ரெயினர் என்ன செய்யும்?

பெரும்பாலானவை இறுக்கத்தை இழந்துவிடும், கால் சும்மா சுற்றும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தை நினைத்துப்பாருங்கள். டாக்ஸ் நியோ போன்ற சில ட்ரெயினர்கள் நீங்கள் மிதிப்பதிலிருந்தே தமக்கு வேண்டிய மின்னை எடுத்துக்கொள்ளும். ஆனால் விலையும் அப்படி. காந்தம், எண்ணெய், காற்று மூன்றுக்கும் கரண்ட் தேவையே இல்லை. எங்கள் இடத்துக்கு இது பெரிய காரணம்.

அண்ணை, எங்கட வீட்டில இருக்கிறது பழைய லுமாலா. அது ஏறுமா?

ஏறும், ஆனால் வேலை இருக்கிறது. ட்ரெயினர்கள் பெரும்பாலும் குயிக் ரிலீஸ் கம்பி (அச்சின் நடுவே போகும், நெம்பால் இறுக்கும் கம்பி) உள்ள சில்லை நினைத்துச் செய்யப்பட்டவை. எங்கள் பெரிய சைக்கிளில் பின் அச்சின் இரு பக்கமும் நட். ட்ரெயினரின் கிண்ணம் போன்ற பிடி அந்த அறுகோண நட்டில் சரியாக உட்காராது, ஓடும்போது நழுவும். அதற்கென்று கிண்ணத்துக்குள் அமரும் வட்டத் தலை நட் விற்கிறார்கள். ட்ரெயினர் வாங்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். பின் ஸ்ராண்டைக் கழற்றவேண்டும். கரியரின் கால்கள் அச்சில் பூட்டியிருந்தால் அதையும் கழற்றவேண்டும். மட்காட் பெரும்பாலும் இருக்கலாம்.

அப்புறம் சில்லின் அளவு. பெரும்பாலான சட்டங்கள் 26 அங்குலத்திலிருந்து 29 வரை எடுக்கும். சின்னப் பிள்ளைகளின் 20 அங்குலச் சைக்கிள் ஏறாது.

பின்சில்லைக் கழற்றும் ஸ்மார்ட் வகையை இந்தச் சைக்கிளுக்கு நினைக்கவே வேண்டாம். அதற்குக் கியர்ச் சைக்கிள் வேண்டும். இங்கே அதிகம் காணும் 7 கியர் மவுண்டன் சைக்கிளாக இருந்தால், ட்ரெயினரில் 7 கியர் கசற்றும் (பின்னுக்கு இருக்கும் பல்லுச்சக்கரக் கட்டு), அதற்குப் பின்னால் தேவையான தடிப்பில் வளையமும் போட்டுச் செய்யலாம்.

கியரே இல்லாத சைக்கிளுக்கு எந்த வகை?

காந்தம். காரணம் எளிது: கியர் இல்லாதவனுக்கு அந்த நெம்பே கியர். ஐந்து படி இருந்தால் ஐந்து கியர் கிடைத்தமாதிரி.

எண்ணெயில் ஏற்றினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18 பல், 28 அங்குலச் சில்லு. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீற்றர், கினெட்டிக் கணக்கில் நூறு வாட்டுக்குச் சற்றுக் குறைவு. 90 சுற்றில் 29 கிலோமீற்றர், இருநூறு வாட்டைத் தாண்டிவிடும். அதாவது மெல்ல மிதித்தால் லேசு, வேகமாக மிதித்தால் பாரம், இந்த ஒரு கோட்டில்தான் போகலாம். மெல்லச் சுற்றிப் பாரமாக மிதிக்கும் பயிற்சியோ, லேசாக வைத்து வேகமாகச் சுற்றும் பயிற்சியோ அதில் செய்யமுடியாது. இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

மாமா லண்டனில பழைய ட்ரெயினர் ஒன்று பார்த்திருக்கிறார், பார்சலில் போடவா என்று கேட்கிறார். என்ன சொல்ல?

போடச் சொல்லுங்கள், ஆனால் சிலவற்றைப் பார்த்துவிட்டு. எண்ணெய் வகை என்றால் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடாக்கி, ஒரு இரவு முழுக்கப் பழைய பேப்பரின் மேல் வைக்கட்டும். காலையில் பேப்பரில் ஒரு துளி இருந்தாலும் வேண்டாம். காந்த வகை என்றால் கேபிள் துருப்பிடிக்காமல் எல்லாப் படியும் விழுகிறதா என்று பார்க்கட்டும். உருளையைக் கையால் சுற்றினால் கரகரவென்று கேட்டால் போல்பேரிங் போய்விட்டது. பேரிங் இங்கே மாற்றலாம், அதற்காகத் தள்ளவேண்டாம்.

ட்ரெயினரோடு வந்த பின்னச்சுக் கம்பியையும், ஹாண்டில் நெம்பையும் மறக்காமல் போடச் சொல்லுங்கள். வெறும் சட்டம் மட்டும் வந்து, அந்தக் கம்பி இல்லாமல் ஆறு மாதம் சாக்கில் கிடந்த ஒன்றை நான் கண்டேன். ஸ்மார்ட் வகையாக இருந்தால் அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கனடாவிலிருந்து வந்தால் இது முக்கியம். பாரத்தையும் யோசியுங்கள்: சில்லில் உரசும் வகை பத்துக் கிலோ அளவில், சில்லைக் கழற்றும் வகை 15 முதல் 22 கிலோ அளவில்.

ரயர் ஏன் இவ்வளவு தேய்கிறது?

உருளை சின்னது, ரயர் ஒரே இடத்தில் மடிந்து மடிந்து சூடாகிறது. ஓடி முடித்தபின் நிலத்தில் கண்மை மாதிரிக் கறுப்புத் தூள் படிந்திருக்கும். கிறவல் றோட்டுக்குப் போடும் பல்லு ரயரை ஏற்றவே வேண்டாம், சத்தமும் தாங்காது. பழைய வழுவழுப்பான ரயர் ஒன்றைப் பின்னுக்கு மாட்டிவிடுங்கள். ஏறுமுன் அதில் ஒட்டிய மண்ணைத் துடையுங்கள், ஒரு சின்னக் கல்லே உருளையைக் கீறிவிடும்.

வெக்கை தாங்கமுடியவில்லையே?

றோட்டில் ஓடும்போது எதிர்காற்றே விசிறி. வீட்டுக்குள் அது இல்லை. காலால் 150 வாட் கொடுக்கும்போது உடம்பு அதைவிட மூன்று நான்கு மடங்கு சூட்டை வெளியே தள்ளுகிறது, ஏறத்தாழ 450 முதல் 600 வாட். அரை ஐயன் பொக்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதுபோல. அதோடு பங்குனி, சித்திரைப் பகலில் விறாந்தையே 33, 34 பாகை. ஆகவே விடியப்புறம் அல்லது இரவு. ஸ்ராண்ட் ஃபானை முகத்துக்கு இல்லாமல் நெஞ்சுக்கு நேரே வையுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் அன்றைக்குக் கடும் பயிற்சி வேண்டாம். தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் தேசிக்காயும்.

வியர்வை சைக்கிளையும் தின்னும். ஹாண்டில் தண்டின் மேல் ஒரு துவாயைப் போடுங்கள். எங்கள் பிள்ளை ஒருவரின் சைக்கிளில் அந்த இடத்து நட் மூன்றே மாதத்தில் துருவேறிக் கழற்றமுடியாமல் போனது.

யுத்தத்தில் ஒரு கால் போனது, செயற்கைக் காலோடு ஓடலாமா?

ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் உங்கள் இயன்மருத்துவரிடம் கேளுங்கள், அண்ணை. அவர் சரி என்றால், காந்த வகையில் மிகக் குறைந்த படியில் தொடங்குங்கள். செயற்கைக் கால் கீழே போய் மேலே வரும் இடத்தில் ஒரு தயக்கம் இருக்கும். அந்த இடத்தைத் தாண்டித் தள்ளிவிடுவது ட்ரெயினரில் இருக்கும் பறக்குஞ்சில்லு, அதாவது ஒருமுறை சுற்றத் தொடங்கினால் இலகுவில் நிற்காத பாரமான சில்லு. அது எவ்வளவு பாரமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. எர்க் முறையை வைக்கவேண்டாம், கால் தயங்கும் நேரத்தில் அது இறுக்கிவிடும். சட்டத்தின் கால்கள் அகலமாக இருக்கவேண்டும், பக்கத்தில் பிடித்து ஏறச் சுவர் அல்லது மேசை இருக்கவேண்டும்.

மூன்று உருளைமேல் சும்மா வைத்து ஓடுகிறார்களே, அது?

அது ரோலர். சைக்கிளை எதுவும் பிடிக்காது, சமநிலையை நீங்கள்தான் பார்க்கவேண்டும். கால் சுற்று அழகாகும். ஆனால் இறுக்கம் குறைவு, முதல் வாரத்தில் விழுவீர்கள். இரண்டாவதாக வாங்கலாம்.

வாட் காட்டும் கருவி இல்லாமல் முன்னேற்றத்தை எப்படி அறிவது?

ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரேமாதிரி வையுங்கள், அவ்வளவுதான். ரயரில் அதே காற்று, பம் அடித்து அளந்து. உருளை ரயரைத் தொட்டபிறகு இறுக்கும் குமிழை ஒவ்வொரு முறையும் அதே எண்ணிக்கைச் சுற்று. முன்சில்லுக்குக் கீழே அதே பலகை, இரண்டு அச்சும் ஒரே உயரத்தில். பத்து நிமிடம் சூடாக்கி, பிறகு இருபது நிமிடம், முடிந்தவரை. பின்சில்லில் பூட்டும் மலிவான மீற்றர் தூரத்தைக் காட்டும். எண்ணெய் வகையில் சராசரி வேகத்தை வைத்துக் கம்பனியின் கணக்கில் வாட்டே பார்க்கலாம்; காந்தத்தில் படி எண்ணையும் சேர்த்து எழுதவேண்டும்.

எங்கள் விறாந்தைச் சுவரில் கலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பிள்ளையின் முதலெழுத்து, படி, தூரம். ஆவணியில் மூன்றாம் படியில் 8.1 கிலோமீற்றர் எழுதிய பிள்ளை, மழை தொடங்கமுன் அதே படியில் 9.4 எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.